சுட்ட மண் உருவங்களில் வெண்பூச்சும் கரும்படலமும்: காரணங்களும் பரிகாரங்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நத்தார் நெருங்கிய வேளையில், படுவான்கரையில் வாவியோரக் கிராமம் ஒன்றிலிருந்து எமக்கு அவசர அழைப்பு வந்தது. 2007 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியேறிய விவசாயக் குடும்பங்கள் வாழும் கிராமம் அது. வயல் வேலை இல்லாத மாதங்களில் கைச்செலவுக்கு ஒரு வழி வேண்டும் என்று அங்குள்ள தாய்மார் பதினொரு பேர் சேர்ந்து மண் வேலை தொடங்கியிருந்தனர். கார்த்திகைக்குச் சிட்டி விளக்கு, பொங்கலுக்குப் பானை, நத்தாருக்குப் பாலன் குடில் சுரூபங்கள் என்பதே அவர்களின் திட்டம். எமது சுழற்சி நிதியிலிருந்து ஒரு சிறு கடனும் கொடுத்திருந்தோம்.

நாம் போய்ப் பார்த்தபோது, கிடுகுக் கொட்டிலில் முப்பது குடில் தொகுதிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சூளையிலிருந்து எடுத்தபோது நல்ல செம்மண் நிறத்தில் இருந்தவை. மழைக் குளிர் பட்ட சில நாட்களில் மரியாளின் நெற்றியிலும் மூக்கிலும், சூசையப்பரின் தோளிலும், ஆட்டுக்குட்டிகளின் முதுகிலும் நீறு பூசியதுபோல வெண்மை படிந்திருந்தது. கிணற்று நீரால் கழுவிப் பார்த்திருக்கிறார்கள். மறைந்தது. காய்ந்ததும் முன்னையிலும் அதிகமாகப் பூத்தது. "யாரோ கண்ணூறு பட்டுட்டுது" என்றார் ஒருவர். "மண் எடுத்த இடம் சரியில்ல" என்றார் மற்றொருவர்.

இரண்டாமவர் சொன்னதே சரி. ஆனால் அந்த இடத்தைக் காட்டியவர்கள் நாமே. குளத்துக் களி தூரத்தில் இருக்கிறது, உழவு இயந்திரக் கூலி அதிகம், வாவிக்கரைக் களி பக்கத்திலேயே கிடக்கிறது என்று ஆவணி மாதத்தில் ஆலோசனை கூறியது எமது நிலையம். அந்தத் தவறிலிருந்து நாம் கற்றுக்கொண்டதையும், பின்னர் பலரிடம் கேட்டும் செய்துபார்த்தும் அறிந்ததையும் இங்கே தருகிறோம். மண் வேலையில் இறங்கியிருக்கும் ஏனைய குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

வயலில் பூக்கும் உவர்

எமது குழப்பத்தைத் தீர்த்தவர், கொட்டில் வாசலில் குந்தியிருந்த எழுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி. ஒரு சுரூபத்தை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். "சுவாமி, இது நம்மட வயல்ல பூக்கிற உவர்தான். கச்சான் காத்துக்கு வாவியோரத்து வயல் வெள்ளையாக் கிடக்கிறல்லவா, அதே சாமான். இந்தக் கிணத்துத் தண்ணியால கழுவினா மறுகாவும் பூக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் முழுப் பாடமும் இருக்கிறது. கோடையில் வாவியோர வயலில் என்ன நடக்கிறது? நிலத்தடியில் உள்ள உப்பு நீர் மண்ணின் நுண்ணிய துவாரங்கள் வழியாக மேலே ஏறுகிறது. வெயிலிலும் காற்றிலும் நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு ஆவியாகாது. அது மேற்பரப்பிலேயே தங்கி வெள்ளைப் பொருக்காகிறது. ஈர மண்ணால் செய்த பொம்மையிலும் இதுவே நடக்கிறது. மண்ணில் உள்ள உப்பும், குழைத்த நீரில் உள்ள உப்பும், காயும்போது வெளித்தோலுக்கு வந்து சேர்கின்றன. எங்கே காற்று அதிகம் படுகிறதோ அங்கே அதிகம் சேர்கின்றன. மூக்கு, நெற்றி, தோள், கைவிரல் நுனி ஆகிய மேடான இடங்களில் வெண்மை கூடுதலாக இருந்ததன் காரணம் இதுதான். கொட்டிலின் கச்சான் பக்கம் இருந்த சுரூபங்களில் ஒரு கன்னம் மாத்திரம் வெளுத்திருந்ததையும் பின்னர் அவதானித்தோம்.

மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு சேர்கிறது. மாரியில் ஆறுகளின் வெள்ளத்தால் நீர் நன்னீராகும். கோடையில் உவர் ஏறும். நாம் களி எடுத்தது கோடையின் உச்சத்தில், நீர் வற்றிய கரையில். உப்பு மிகக் கூடிய நேரத்தில் உப்பு மிகக் கூடிய இடத்தை நாமே தேடிப்போய்த் தோண்டியிருக்கிறோம்!

வெண்மை எவ்வகையானது எனக் கண்டறிதல்

எல்லா வெண்மையும் ஒன்றல்ல. பரிகாரம் செய்யுமுன் வகையை அறிய வேண்டும். இதற்கு மூன்று எளிய சோதனைகள் உள்ளன.

முதலாவது, ஈரத் துணியால் துடைத்தல். துடைத்ததும் மறைந்து, காய்ந்தபின் திரும்ப வந்தால் அது நீரில் கரையும் உப்பு. இதனை நீக்கலாம்.

இரண்டாவது, துடைத்தும் சுரண்டியும் போகாத வெண்மைக்கு ஒரு துளி வினாகிரி விடுதல். நுரைத்தால் அது சுண்ணாம்பு அல்லது அடுப்புச் சாம்பல். வினாகிரியால் துடைத்து, நல்ல நீரில் பலமுறை அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாவது, நுரைக்கவும் இல்லை, கரையவும் இல்லை என்றால், அது காயும்போதே மேலே வந்து சூளைச் சூட்டில் தோலோடு ஒட்டிக்கொண்ட படலம். ஜிப்சம் போன்ற உப்புகள் இவ்வாறு செய்யும். இதனைச் சுட்டபின் நீக்குவது கடினம். அடுத்த முறை வராமல் தடுப்பதே வழி.

கரையும் உப்புக்குப் பரிகாரம் மழைநீர். பெரிய பாத்திரத்தில் மழைநீரை நிரப்பி உருவங்களை மூழ்க வைத்து, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். ஊற்றும் நீரில் சிறிதளவை ஒரு கறுப்புத் தட்டில் விட்டு வெயிலில் காய வையுங்கள். தட்டில் வெள்ளைத் தடம் விழாத நாளில் வேலை முடிந்தது. நன்கு வேகாத உருவங்கள் நீரில் இளகிவிடும். ஆகவே முதலில் உடைந்த ஒரு துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் போடுங்கள். வாவியோரக் கிணற்று நீர் இதற்கு உதவாது. உப்பை எடுக்கப் போய் உப்பைச் சேர்த்துக்கொள்வோம்.

முன்கூட்டியே தடுப்பதற்கு நாம் இப்பொழுது கடைப்பிடிக்கும் முறைகள் இவை:

களியை வாவிக்கரையில் எடுக்காமல் மேட்டுப் பக்கக் குளத்திலோ வயற்கரையிலோ எடுத்தல். குளத்தில் எடுப்பதானால் கமநல சேவை நிலையத்திலும் விவசாய அமைப்பிலும் கேட்டு அனுமதி பெற வேண்டும். அணைக்கட்டின் அருகே ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்கக் கூடாது.

எடுத்த களியை மேடான இடத்தில் குவித்து, ஒரு மாரி முழுவதும் மழையில் நனைய விடுதல். உவர் வயலில் வெள்ளத்தைத் தேக்கி வடியவிட்டு உப்பைக் கழுவுகிறோம் அல்லவா? அதே முறைதான். வடியும் நீர் திரும்பக் குவியலுக்குள் வராதபடி கான் வெட்டி விடுங்கள்.

குழைப்பதற்குச் சேமித்த மழைநீரைப் பயன்படுத்துதல். நிழலில், சாக்கால் மூடி, மெதுவாகவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகவும் காயவிடுதல். அடிப்பாகத்தைக் குடைந்து விட்டால் ஈரத்தின் ஒரு பங்கு அடியாலும் போகும். உப்பும் கண்ணுக்குத் தெரியாத அடியில் தங்கும். சுடுமுன் முகத்தையும் மேடான இடங்களையும் மழைநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மெல்லத் துடைத்தல்.

செங்கல் தொழிற்சாலைகளில் பேரியம் காபனேற்று என்ற இரசாயனத்தைச் சேர்த்து இவ்வெண்மையைத் தடுப்பதுண்டு. அது எலிப் பாஷாணமாகப் பயன்பட்ட நஞ்சு. வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் நடுவே வேலை செய்யும் எமக்கு அது வேண்டாம்.

ஓர் இடத்தில் குறை எனப்படுவது வேறோர் இடத்தில் கைத்திறனாகவும் இருக்கலாம். துனீசியா நாட்டின் ஜெர்பா தீவில், கெல்லாலா என்னும் ஊரின் குயவர்கள் வெளிறிய தோல் வரவேண்டும் என்பதற்காகவே களியில் உப்பு நீரைச் சேர்க்கின்றனர். அவர்கள் அறிந்து செய்கின்றனர். நாம் அறியாமல் செய்தோம். வேறுபாடு அவ்வளவே.

விற்றபின் பொரிந்து விழும் குழிகள்

வாவிக் களியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மட்டி, சிப்பி, நத்தை ஓடுகளின் துண்டுகள் அதில் கலந்திருக்கும். சூளைச் சூடு ஏறத்தாழ 800 பாகை செல்சியஸை எட்டும்போது இவை சுட்ட சுண்ணாம்பாக மாறுகின்றன. வெளியே எடுத்தபின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மெதுவாக வீங்கி, மேல் மண்ணைத் தள்ளி உடைக்கின்றன. சிறு குழியும் அதன் நடுவே வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால் காரணம் இதுவே.

இக்குறையின் கொடுமை என்னவென்றால், அது உடனே தெரியாது. ஒரு வாரம், சில வேளை பல வாரங்கள் கழித்து, வாங்கியவர் வீட்டில் தெரியும். எமது தாய்மாரின் சுரூபங்களில் நான்கு இவ்வாறு முகம் பொரிந்தன.

களியை நீரில் கரைத்து நுளம்பு வலையை இரண்டாக மடித்து வடித்தெடுப்பதே சிறந்த தடுப்பு. கரைத்த களியைச் சற்று நேரம் விட்டால் கனமான ஓட்டுத் துண்டுகள் அடியில் தங்கும். மேலே உள்ள குழம்பை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி எடுக்கலாம். களியில் சிப்பி உண்டா என்பதை அறிய, காய்ந்த கட்டியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைக்கும் களியைச் சுரூப வேலைக்கு எடுக்காதீர்கள். சுட்ட உருவங்களை விற்பதற்கு முன் மூன்று வாரங்களாவது வைத்திருந்து பார்ப்பதும் நல்லது.

கரும்படலமும் கரிய வயிறும்

உமி, வைக்கோல், தென்னம் பொச்சு, வரட்டி ஆகியவற்றால் திறந்த சூளை போடும்போது சில உருவங்கள் கறுத்து வருவதுண்டு. களியிலுள்ள இரும்பு, தாராளமாகக் காற்றுக் கிடைத்தால் சிவக்கும். காற்று அடைபட்டுப் புகை சூழ்ந்தால் கறுக்கும். எரிபொருள் உருவத்தில் நேரடியாகத் தொட்ட இடத்திலும் கரி ஏறும்.

ஆகவே உருவங்களை ஓட்டுத் துண்டுகள் மீது உயர்த்தி வையுங்கள். விறகு நன்கு காய்ந்திருக்கட்டும். கடைசி நேரத்தில் காற்று வாய்களை அவசரப்பட்டு மூடாதீர்கள். கறுத்துப் போனவற்றை எறிய வேண்டியதில்லை. அடுத்த சூளையில், காற்றோட்டம் உள்ள மேல் அடுக்கில் வைத்து மீண்டும் சுட்டால் கரி எரிந்து சிவப்புத் திரும்பும்.

வெளியே சிவப்பாகவும் உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாகவும் இருந்தால், சூடு வேகமாக ஏறி வேகமாக இறங்கிவிட்டது என்று பொருள். களிக்குள் இருக்கும் வேர், இலைத் தூள் எரிந்து முடிய நேரம் கிடைக்கவில்லை. அழகுக்கு இதனால் கேடில்லை, உறுதி சற்றுக் குறையும். தடித்த உருவங்களை உள்ளே குடைந்து, மெதுவாகச் சூடேற்றுவதே பரிகாரம்.

கறுப்பையும் வேண்டுமென்றே வரவழைக்கலாம். பொம்பரிப்பு, கந்தரோடை, தமிழகத்தின் ஆதிச்சநல்லூர் ஆகிய இடங்களில் எடுக்கப்பட்ட பழைய கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களை ஆக்கியவர்கள், ஒரே பானையில் காற்றுப் பட்ட இடத்தைச் சிவப்பாகவும் படாத இடத்தைக் கறுப்பாகவும் சுடத் தெரிந்தவர்கள். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் உள்ள நிசாமாபாத் ஊரில் இன்றும் புகையடைத்துக் கறுப்பு மட்பாண்டம் செய்கின்றனர். குடிலுக்குக் கறுத்த மாடும் கறுத்த ஆடும் வேண்டுமானால், சிவக்கச் சுட்டவற்றைச் சூடாறுமுன் உமிக்குள் புதைத்து மண்ணால் மூடிவிட்டுப் பாருங்கள்.

வெளிறலும் பளபளப்பும்

ஒரே களி, ஒரே சூளை, ஆனால் சில உருவங்கள் வெளிறி, தொட்டால் கையில் தூள் ஒட்டுகிறதா? அவை வேகவில்லை. சூளையின் ஓரத்திலோ அடியிலோ இருந்திருக்கும். விரலால் தட்டினால் மந்தமாகக் கேட்கும். வெந்தது கணீரென்று ஒலிக்கும். வேகாததை மறுமுறை சுடலாம்.

மாறாக, தீவாய்க்கு அருகில் இருந்த உருவத்தில் கண்ணாடி போன்ற பச்சை அல்லது மண்ணிறப் படிவு தெரிந்தால், அது அளவுக்கு மீறிய சூடும் சாம்பலும் சேர்ந்த விளைவு. சாம்பலும் உப்பும் களியை விரைவில் உருகச் செய்பவை. அவ்விடத்தில் சுரூபங்களை வைக்காமல் உடைந்த பானைகளைத் தடுப்பாக வையுங்கள்.

கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கிய உருவம் சுட்டபின் மங்கினால், சூடு கூடிவிட்டது, அல்லது அடியிலிருந்து உப்பு வந்துவிட்டது. ஈரத் துணிச் சோதனை எது என்று காட்டும்.

வர்ணம் பூசி மறைக்கலாமா?

அந்த ஆண்டு நகரத்து வியாபாரி ஒருவர் சொன்ன யோசனை இது: "எனாமல் பெயின்ற் அடிச்சா ஒண்டும் தெரியாது." தாய்மார் எம்மைக் கேட்டனர். நேரம் இல்லை என்ற பதற்றத்தில் நாமும் தலையசைத்தோம். இரண்டாவது தவறு அதுவே.

தைப்பொங்கல் கழியுமுன் வர்ணம் கொப்புளித்தது. உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் வெளியேற வழி தேடி, எனாமல் தோலை உரித்துக்கொண்டு வந்தன. வாங்கிய பங்குகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் முறைப்பாடு வந்தது. வியாபாரி கைவிரித்துவிட்டார். தாய்மார் கூடிப் பேசி, கேட்டவர்கள் அனைவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானித்தனர். இரண்டு முறை வீடு வாசலை விட்டு ஓடி, வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு அந்தப் பணம் சிறியது அல்ல. "காசு போனாத் தேடலாம் சுவாமி, இவங்க மண் பொய் மண் எண்டு பேர் வந்தா மறுகா ஆர் வாங்குவா?" என்று அவர்களுள் மூத்தவர் சொன்னார். தவறான ஆலோசனை எம்முடையதாகையால் கடனின் மீதியை நிலையமே ஏற்றுக்கொண்டது.

வர்ணம் பூசுவதானால் உப்பு நீங்கி, முற்றாகக் காய்ந்த பின்னரே பூச வேண்டும். அடிப்பாகத்தைப் பூசாமல் விட்டால் ஈரம் வெளியேற வழி இருக்கும். நீரில் கரைத்த மங்கல் வர்ணமோ, சுடுமுன் பூசும் காவிக் குழம்போ எனாமலிலும் பொருத்தம்.

வெளிநாட்டிலிருந்து வரும் 'களி'

இப்பொழுது சில பிள்ளைகளுக்குக் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள உறவினர் பொலிமர் களிப் பொதிகள் அனுப்புகின்றனர். பெயர் களி என்றாலும் அது மண் அல்ல, பி.வி.சி. பிளாஸ்ரிக்கை இளக்கிச் செய்தது. ஜேர்மனியில் 1930களில் பொம்மை செய்யும் குடும்பம் ஒன்றில் தோன்றி, 1964 இல் ஒரு நிறுவனத்தின் கைக்குச் சென்று, ஃபிமோ என்ற பெயரில் பரவியது. பொதியில் எழுதியுள்ளபடி 110 முதல் 130 பாகை வரையான சூட்டில், மின் அடுப்பில் சுட வேண்டும்.

இதிலும் எதிர்பாராத தோற்றங்கள் வரும். கண்ணாடியிலோ தகரத்திலோ வைத்துச் சுட்டால் தொட்ட இடம் பளபளக்கும். அடியில் கடதாசி விரித்தால் இது வராது. தோலுக்குக் கீழே பிறை போன்ற வெள்ளைத் தடங்கள் தெரிந்தால் காற்றோ ஈரமோ அடைபட்டிருக்கிறது. நன்றாகப் பிசைந்து, ஈரக் கையால் தொடாமல் செய்ய வேண்டும். மண்ணிறமானால் சூடு கூடிவிட்டது. நகப்பூச்சும் சில தெளிப்பு வார்னிஷ்களும் நாளடைவில் பிசுபிசுப்பை உண்டாக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: இதனை எந்நிலையிலும் விறகுச் சூளையில் போடாதீர்கள். கருகும்போது ஐதரசன் குளோரைட்டு என்ற எரிச்சல் தரும் நச்சுவாயு வெளிவரும்.

அடுத்த சூளைக்கு முன்

அந்தத் தாய்மார் மண்ணைக் கைவிடவில்லை. அடுத்த மாரிக்கு முன்பே குளத்துக் களியைக் கொண்டுவந்து கொட்டிலின் பின்புறம் குவித்து மழைக்கு விட்டனர். கூரைத் தண்ணீரை இரண்டு பரல்களில் பிடித்து வைத்தனர். சூளை போடுமுன் ஒவ்வொரு குவியலிலும் பெருவிரல் அளவு பத்து வில்லைகள் செய்து, வீட்டு அடுப்பிலே சுட்டு, மூன்று வாரம் வைத்துப் பார்த்தனர். ஒரு குவியலின் வில்லைகளில் வெண்மை பூத்தது. அந்தக் குவியலை அடுப்புக் கட்டுவதற்கு ஒதுக்கிவிட்டனர். மற்றக் களியில் செய்த சுரூபங்கள் இன்றுவரை முகம் வெளுக்கவில்லை.

பத்து வில்லைகளுக்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு நாள் வேலையும் சற்றுப் பொறுமையும் போதும். விதைநெல்லைக் கையளவு முளைக்கப் போட்டுப் பார்த்துவிட்டே வயலில் விதைக்கிறோம். மண்ணையும் அவ்வாறே பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஆலோசனை சொல்ல வருபவர் நாமாக இருந்தாலும், முதலில் அவ்வூர் முதியவரிடம் மண்ணைக் காட்டிக் கேளுங்கள்.